கால்கள் போனாலும் கைகள் இருக்கின்றன

கிறிஸ்துவுக்குள் பிரியமான ஜெபப் பங்காளர்களே,



சில ஆண்டுகளுக்கு முன் பதநீர் காலத்தில், வாலிநோக்கம் பக்கத்திலிருந்து ஒரு பனையேறியைக் கட்டிலோடு தூக்கி வந்தார்கள். மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்திருந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. வயது முப்பதுகூட ஆகவில்லை. மனைவி உப்பளத்தில் கூலி வேலை செய்பவர்.

"ஐயா, நான் மறுபடியும் மரம் ஏறுவேனா?" என்று கேட்டார். டாக்டர் சொன்னது எனக்குத் தெரியும். ஆனாலும், "விசுவாசமாயிருங்கள் தம்பி, நடப்பீர்கள்" என்று சொல்லிவிட்டேன். மாதங்கள் போயின, கால் அசையவில்லை. ஒருநாள் அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "அப்படியானால் என் விசுவாசம் போதவில்லையா, ஐயா?" என்றார். முறிந்த முதுகின்மேல் நான் இன்னொரு பாரத்தையும் ஏற்றிவிட்டேன் என்று அன்று உணர்ந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு டாக்டர் மேரி வர்கீஸ் அம்மாவின் கதையைச் சொன்னேன்.

கேரளத்தில் பிறந்து வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்த இளம் டாக்டர் அவர். 1954 ஜனவரியில் அவர் சென்ற வண்டி விபத்துக்குள்ளாகி, இடுப்புக்குக் கீழே செயலற்றுப் போனார். முகத்திலும் தழும்பு. சுகத்துக்காக அவரும் ஜெபித்தார். கால்கள் திரும்ப வரவில்லை. அப்போது டாக்டர் பால் பிராண்ட், மீதமிருக்கும் கைகளைப் பயன்படுத்தும்படி அவரை ஊக்குவித்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே, தொழுநோயால் விரல் மடங்கிய கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் மேரி அம்மா. பின்பு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். 1966-ல் வேலூரில், உடல் முடங்கியவர்கள் தங்கிப் பயிற்சி பெறும் மையம் திறக்கப்பட்டது. 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் கர்த்தருக்குள் நித்திரையடையும்வரை அவர் கால்கள் நடக்கவேயில்லை. ஆனால் அவரால் பலர் எழுந்து உட்கார்ந்தார்கள்.

மறுவாழ்வு மருத்துவம் என்பது என்ன? தண்டுவடம் அறுந்தவருக்கு, அறுந்த இடத்துக்குக் கீழே அழுத்தமோ காயமோ தெரியாது. ஒரே பக்கமாய்ப் படுத்திருந்தால் தோல் அழுகிப் படுக்கைப் புண் வரும். சிறுநீர் தேங்கினால் சிறுநீரகம் கெடும். அந்நாட்களில் பலர் மரித்தது முறிவினால் அல்ல, இவற்றால்தான். ஆகவே இரண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தரம், இரவிலும்கூட. சிறுநீர்க் குழாயைச் சுத்தமாய்ப் பராமரிக்கப் பழக்க வேண்டும். தோள்களுக்கும் கைகளுக்கும் பலமூட்டி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறக் கற்பிக்க வேண்டும். கடைசியாக, ஒரு தொழில். இதில் அதிசயம் ஒன்றுமில்லை. சலிக்காத உண்மை மட்டுமே உண்டு.

நம் பனையேறித் தம்பிக்குக் கைகள் இருந்தன. இன்று ஓலைப் பெட்டி முடைந்து விற்கிறார். அவரைப் புரட்டிப் பழகிய மனைவி, பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், புதிதாய் விழுந்து வந்தவர்களின் வீட்டாருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கிறார். "நானும் இப்படித்தான் அழுதேன், அக்கா" என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, என் பிரசங்கங்களைவிட அதிகம் செய்கிறது.

பவுல் அப்போஸ்தலன் தன் சரீரத்திலிருந்த முள் நீங்கும்படி மூன்றுதரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை; கிருபை கிடைத்தது; ஊழியமும் நிற்கவில்லை. பாடு நீங்கிய பின்பு ஊழியம் செய்வோம் என்று காத்திருப்பது உண்மையுள்ள வாழ்வு அல்ல. எனக்கு எது மீதியிருக்கிறது, அது யாருக்குப் பயன்படும் என்று கேட்பதே விசுவாசம்.

உங்கள் காணிக்கை எங்கள் வார்டில் ஒரு தண்ணீர் மெத்தையாக, ஒரு சக்கர நாற்காலியாக மாறுகிறது. இரவு இரண்டு மணிக்கு நோயாளியைப் புரட்டும் செவிலியருக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி குருவானவர்