பனிக்காலத்தில் செவ்வரத்தை

கிளிநொச்சி மாவட்டத்தின் கரைச்சிப் பிரிவில், அக்கராயன்குளத்து நீரை நம்பி நெல் விளையும் அக்கராயனில், வீட்டு முற்றங்களில் நிற்கும் செவ்வரத்தையும் மல்லிகையும் குளிர்காலம் என்ற ஒன்றை அறிந்தவை அல்ல. மார்கழி, தை மாதங்களின் விடியற்பனியிலும் அங்கு வெப்பநிலை பெரும்பாலும் 20 பாகை செல்சியஸுக்குக் கீழே இறங்குவதில்லை. இலங்கையில் உறைபனியைக் காண விரும்புவோர் நுவரெலியா வரை மலையேற வேண்டும். ஆயினும் 1983க்குப் பின்னர் பெருந்தொகையான ஈழத்தமிழர் குடியேறிய ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் இதே பூங்கன்றுகள் பல வீடுகளில் சாடிகளில் வளர்க்கப்படுகின்றன. செப்டெம்பர் இறுதியில் உள்ளே எடுக்கப்பட்டு, மே மாதம் முடியும் தறுவாயில் மீண்டும் வெளியே வைக்கப்படும் அவை, ஆண்டின் பெரும்பகுதியைச் சுவர்களுக்குள்ளேயே கழிக்கின்றன.

வெப்பநாட்டுத் தாவரங்களைக் குளிர் இரு வழிகளில் தாக்குகிறது. உறைநிலையை எட்டும்போது திசுக்களில் கலங்களுக்கு இடையே உள்ள நீர் பனிக்கட்டியாகி, கலங்களுக்குள் இருக்கும் நீரையும் வெளியே இழுத்துவிடுவதால் இலை கறுத்துத் துவள்கிறது. இதுவே உறைபனிச் சேதம். பலரும் கவனிக்கத் தவறுவது மற்றையதை: வெப்பநிலை 10 பாகையை அண்மித்துக் குறையும்போதே, கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்விலுள்ள கொழுப்புப் பொருட்கள் இறுகத் தொடங்க, சவ்வு தன் பணியை ஒழுங்காகச் செய்ய இயலாமல் கசிகிறது. ஆகவே பனி விழும் நாளைக் காத்திருந்து சாடியைத் தூக்குபவர் பிந்திவிடுகிறார். இரவு வெப்பநிலை 12 பாகையளவுக்கு வந்ததுமே செவ்வரத்தையை உள்ளே கொண்டுசெல்வது நல்லது.

மென்மையான மரங்களை இவ்வாறு இடம்மாற்றிக் காப்பது ஐரோப்பாவில் நெடுங்காலமாக நிலவும் வழக்கம். பிரான்சின் வேர்சாய் அரண்மனையில் 1684க்கும் 1686க்கும் இடையே கட்டிடக் கலைஞர் யூல் ஆர்துவான்-மான்சார் எழுப்பிய தோடைமர மண்டபம், தெற்கு நோக்கிய பெரும் யன்னல்களும் தடித்த சுவர்களும் கொண்டது. பெட்டிகளில் வளரும் தோடை, மாதுளை, அலரி மரங்கள் அங்கு இன்றும் ஒக்டோபரில் உள்ளே செல்கின்றன, மே மாதத்தில் வெளியே வருகின்றன. பிரித்தானியாவில் கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டதும், அதுவரை செல்வர்க்கே உரியதாக இருந்த கண்ணாடி வீடு நடுத்தர மக்களின் தோட்டங்களுக்கும் எட்டியது.

மைய வெப்பமூட்டல் உள்ள இன்றைய வீட்டில் குளிர் ஒரு பொருட்டல்ல. அங்கே பஞ்சமாக இருப்பது ஒளி. அக்கராயனில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறத்தாழ பதினொன்றரை மணி நேரம் நீடிக்க, டிசெம்பர் பிற்பகுதியில் ரொறன்ரோவின் பகல் 9 மணி நேரத்துக்கும், ஒஸ்லோவின் பகல் 6 மணி நேரத்துக்கும் சற்றுக் குறைந்துவிடுகிறது. அந்தக் குறுகிய பகலிலும் சூரியன் தாழ்ந்தே செல்வதால், தெற்கு நோக்கிய யன்னலிலிருந்து ஒரு மீற்றர் உள்ளே தள்ளி வைத்த சாடிக்குக் கிடைப்பது வெளி வெளிச்சத்தின் சிறு பங்கே. இலை உணவு தயாரிப்பது ஒளியைக் கொண்டுதான் என்பதால், ஒளி குறைந்த செவ்வரத்தை தன்னால் பேண முடியாத இலைகளை மஞ்சளாக்கி உதிர்த்துவிடுகிறது.

இந்த இலையுதிர்வைக் கண்டு கலங்கும் வீட்டார் செய்வது, பெரும்பாலும், இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றுவது. இலை குறைந்த கன்று குறைவாகவே நீரை உறிஞ்சும். எஞ்சிய நீர் சாடியின் மண்ணிடைக் காற்றை விரட்டிவிட, மூச்சுவிட முடியாத வேர் அழுகத் தொடங்குகிறது. வேர் அழுகிய கன்று வாடுவதும் தண்ணீர் இல்லாமல் வாடுவதும் ஒன்றுபோலவே தோன்றுவதால் மீண்டும் நீர் ஊற்றப்படுகிறது. குளிர்காலத்தில் உள்ளே மடியும் பூங்கன்றுகளில் பல குளிரால் அல்ல, இந்த அன்பினாலேயே மடிகின்றன. வன்னியின் வாடைக்காற்று மழை ஓய்ந்த பின்னர் வரும் நீண்ட கோடையில், கிணற்று நீரைச் சிக்கனமாகப் பெறும் முற்றத்துக் கன்றுகள் துளிர்விடாமல் பொறுத்திருப்பதை அறிந்தவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. கனடாவின் குளிர்காலத்தை நீரைப் பொறுத்தவரை ஒரு கோடையாகவே கருதலாம்: விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் செலுத்தி, அங்கும் உலர்ந்திருந்தால் மட்டுமே நீர் விடுவதும், மார்ச் வரை உரத்தை நிறுத்திவைப்பதும் போதும். ஒளியில் மட்டும் இந்த ஒப்பீடு பொருந்தாது. வன்னிக் கோடையில் வெயிலுக்குக் குறைவில்லை. அந்த இடைவெளியை நிரப்ப, தாவரங்களுக்கென விற்கப்படும் எல்.ஈ.டி. விளக்கை நாளொன்றுக்கு 12 முதல் 14 மணி நேரம் எரியவிடலாம்.

வெப்பமூட்டி உலர்த்திய காற்று சிலந்திப் பேனுக்கு ஏற்ற சூழல். இலையின் அடியில் நுண்ணிய வலை பின்னிச் சாற்றை உறிஞ்சும் இவ்வுயிர், ஈரமான வெளிக்காற்றில் இவ்வளவு பெருகாது. உள்ளே எடுக்கும் முன்னர் இலைகளின் அடிப்புறத்தை நீர்த்தாரையால் கழுவி, பூச்சிகொல்லிச் சவர்க்காரக் கரைசல் தெளிப்பது பின்னர் எழும் தொல்லையைப் பெரிதும் குறைக்கிறது. இலைகளுக்குத் தினமும் நீர் தெளிக்கும் பழக்கம் பரவலாக இருந்தாலும், அந்த ஈரம் சில நிமிடங்களில் ஆவியாகிவிடுவதால் அதனால் பெரும் பயன் இல்லை.

எல்லாப் பூங்கன்றுகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. கோயில் வீதிகளில் நிற்கும், தடித்த கிளையும் பாலும் கொண்ட புளூமேரியா, இலைகளை முற்றாக உதிர்த்துவிட்டு, 10 பாகைக்குக் குறையாத இருண்ட நிலக்கீழ் அறையிலும் நீரின்றி உறங்கக்கூடியது. மல்லிகையைப் பொறுத்தவரை குழப்பத்துக்கு ஒரு காரணம் உண்டு: மேலைநாட்டுக் கடைகளில் பெப்ரவரியில் இளஞ்சிவப்பு மொட்டுகளுடன் விற்கப்படுவது சீனாவைத் தாயகமாகக் கொண்ட வேறோர் இனம், மொட்டுக் கட்டுவதற்கு அது குளிர்ந்த இரவுகளை வேண்டுவது. அதன் அறிவுறுத்தலைப் படித்து, மாலை கட்டும் நம் மல்லிகையையும் குளிரில் விடுபவர் அதை இழக்க நேரிடும்.

மே மாத இறுதியில் வெளியேறும் கன்றை உடனடியாக முழு வெயிலில் நிறுத்தக் கூடாது. யன்னலோர ஒளிக்குப் பழகிய இலை ஒரே நாளில் வெந்து வெளுத்துவிடும் என்பதால், ஒரு வாரமளவு நிழலில் வைத்துச் சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்க வேண்டும். கடையில் வாங்கிய செவ்வரத்தை இரண்டாம் ஆண்டில் முன்னையதைவிட நெடுநெடுவென வளர்ந்தால் அது நோயன்று. சாடியில் அடக்கமாக நிற்கவென வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் இரசாயனம் நாற்றுப்பண்ணைகளில் அவற்றுக்கு இடப்படுவது வழக்கம். அதன் தாக்கம் தீர்ந்ததும் கன்று தன் இயல்பான உயரத்துக்குத் திரும்புகிறது, அடுத்த செப்டெம்பரில் அதை உள்ளே எடுக்கும் முன் கிளைகளில் மூன்றிலொரு பங்கை வெட்டிவிட்டால் யன்னலோரத்தில் மீண்டும் இடம் போதும்.