ஞானஸ்நானத்துக்குப் பிறகு எட்டு ஆண்டு

புனேயிலிருந்து சென்னை செல்லும் வண்டிகள் தவுண்டை எட்டுமுன் கேட்காவ் என்ற சிறிய ஸ்டேஷனைக் கடக்கின்றன. மெயிலும் எக்ஸ்பிரஸும் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. இந்த ஊரில்தான் பண்டித ரமாபாய் நிறுவிய முக்தி மிஷன் இருக்கிறது. ரமாபாயின் பெயரை நம் தமிழ்ச் சபையார் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். விசுவாசத்தில் அவர் எவ்வளவு நிதானமாக வளர்ந்தார் என்பதை அறிந்தவர்கள் குறைவு.

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போயும் உள்ளத்தில் ஒரு மாற்றமும் தெரியவில்லையே என்று ஏங்குகிறவர்கள் நம்மிடையே உண்டு. வருஷத்துக்கு ஒரு இன்கிரிமென்ட் என்று எண்ணிப் பார்க்க இது ஆபீஸ் கணக்கு அல்லவே! அப்படி ஏங்குவோர் ரமாபாயின் வரலாற்றை அறிவது நல்லது.

1858-ல் சமஸ்கிருத பண்டிதர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். பெற்றோருடன் க்ஷேத்திரம் க்ஷேத்திரமாக நடந்தே வளர்ந்தவர். 1870-களின் பஞ்சத்தில் தாய் தந்தை இருவரும் மாண்டார்கள். 1878-ல் கல்கத்தா பண்டிதர்கள் அவரது புலமையைக் கண்டு ‘பண்டிதா’, ‘சரஸ்வதி’ என்ற பட்டங்களை அளித்தார்கள். 1882-ல் கணவர் இறந்தார். கையில் பெண் குழந்தை மனோரமா. அடுத்த ஆண்டு இங்கிலாந்து சென்றவர், 1883 செப்டம்பரில் வான்டேஜ் என்ற ஊரில் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் அது மதம் மாறிய கதை மட்டுமே. பிற்காலத்தில் ரமாபாயே எழுதியிருக்கிறார்: ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் வரை தமக்குக் கிறிஸ்தவ மதம்தான் கிடைத்திருந்ததாம், கிறிஸ்து கிடைக்கவில்லையாம். ஹாஸ்லாம் என்ற ஆங்கிலப் பாதிரியார், தாம் குருப்பட்டம் பெற்ற பிறகே மனந்திரும்பியதை விவரித்த புத்தகம் ரமாபாயின் கண்ணைத் திறந்தது. அதன் பிறகு 1891-ல்தான் உள்ளம் தெளிந்தது. அத்தனை படித்தவர் இதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதே பெரிய காரியம்.

தெளிவு வந்ததும் தொல்லையும் வந்தது. இளம் விதவைகளுக்காக 1889-ல் பம்பாயில் தொடங்கிய சாரதா சதனத்தை அடுத்த ஆண்டே புனேக்கு மாற்றியிருந்தார். மதப் பிரசாரம் இல்லை என்பது அதன் ஏற்பாடு. ரமாபாயின் ஜெபத்தில் மாணவிகளும் கலந்துகொள்கிறார்கள் என்று ஊரில் பெரும் கூச்சல் எழுந்தது. 1893-ல் ரானடே, பண்டார்கர் போன்ற பெரியவர்கள் ஆலோசனைக் குழுவை விட்டு விலகினர். பல வீட்டார் பெண்களை அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ரமாபாய் பள்ளியை மூடவில்லை.

1896-97 பஞ்சத்தில் மத்திய மாகாணங்களுக்கே போய், பட்டினியில் தவித்த பெண்களை அழைத்து வந்தார். தாமே பஞ்சத்தில் பெற்றோரை இழந்தவர் அல்லவா? அவர்களுக்காக எழுந்ததே கேட்காவ் முக்தி. 1900 வாக்கில் அங்கே ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். நெசவு, தோட்டவேலை, அச்சுவேலை எல்லாம் பெண்களே கற்றார்கள். பார்வையற்றவர்களுக்கும் படிப்பு உண்டு.

இவ்வளவு வேலைக்கு நடுவில்தான் மராத்தி வேதாகமம். இருந்த மொழிபெயர்ப்பில் சமஸ்கிருதச் சொல் மிகுதி. கிராமத்துப் பெண்ணுக்குப் புரியாது. சமஸ்கிருதத்தால் பட்டம் பெற்றவரே அந்தச் சொற்களை ஒதுக்கிவிட்டு எளிய மராத்தியில் எழுத உட்கார்ந்தார். அதற்காக எபிரெயமும் கிரேக்கமும் படித்தார். அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது! பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் நீண்டது அந்த வேலை. தினம் கொஞ்சம், மறுநாள் இன்னும் கொஞ்சம். காது மந்தமாகிவிட்ட காலத்திலும் நிற்கவில்லை.

1919-ல் அரசாங்கம் கெய்சர்-இ-ஹிந்த் பதக்கம் வழங்கியது. 1921 ஜூலையில் மகள் மனோரமா இறந்தார். முக்தியின் பொறுப்பை ஏற்பார் என்று தாய் நம்பியிருந்த ஒரே மகள். அந்தத் துக்கத்திலும் திருத்தும் வேலை தொடர்ந்தது. 1922 ஏப்ரல் 5-ல் ரமாபாய் காலமானார்.

முழு வேதாகமம் 1924-ல் வெளிவந்தது. அச்சிட்டது முக்தி அச்சகம். எழுத்துக் கோத்தவர்களில் பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்களும் இருந்தார்கள்.