'பார்த்தேர்': ஒரு பிரெஞ்சுக் கடன்சொல்லின் பொருள் வேறுபாடுகள்

ஒரு சொல் பல மொழிகளில் ஒத்த வடிவில் வழங்கினால் அதன் பொருளும் ஒன்றே எனக் கருதுவது இயல்பு. ஐரோப்பிய இலக்கியங்களைத் தமிழாக்குவோரை இக்கருத்து இடறச் செய்யக்கூடும். இதனைப் 'பார்த்தேர்' என்னும் பிரெஞ்சுச் சொல்லைக் கொண்டு இங்கு விளக்க முற்படுகிறோம்.

பிரெஞ்சு மொழியில் 'பார்', 'தேர்' என்னும் இரு சொற்கள் சேர்ந்து 'தரையில்' எனப் பொருள்படும். இத்தொடர் பெயர்ச்சொல்லாகி இரு பொருள்களைப் பெற்றது. ஒன்று, சமதரையில் ஒழுங்குற வகுக்கப்பட்ட பூம்பாத்தி. அந்த்ரே லெ நோத்ர் வெர்சாய் அரண்மனையில் அமைத்த தோட்டம் இதற்குப் புகழ்பெற்ற சான்றாகும். மற்றொன்று, நாடக அரங்கின் கீழ்த்தளம். அங்குப் பார்வையாளர் நின்றவாறே நாடகம் கண்டனர். கொமெதி பிரான்சேஸ் குழு 1782இல் புதிய அரங்கிற்குச் சென்றபோதுதான் அவ்விடத்தில் இருக்கைகள் இடப்பட்டன.

பிற மொழிகள் இச்சொல்லைத் தத்தம் தேவைக்கேற்ப ஏற்றன. ஆங்கிலத்தில் இது பெரிதும் தோட்டக்கலைச் சொல். ரஷ்ய மொழியில் அரங்கின் கீழ்த்தள இருக்கைகளைக் குறிக்கும். மற்போரில் தரைநிலைப் பிடியையும் சுட்டும். ஜெர்மன், போலிய மொழிகளிலோ இது கட்டடத்தின் தரைத்தளம். பிரெஞ்சுக்காரர் தரைத்தளத்தை இச்சொல்லால் குறிப்பதில்லை. 'ரெ-த-ஷொசே' என்பதே அவர்தம் வழக்கு.

இவ்வேறுபாட்டிற்குக் காரணம் யாது? கடன்சொல் தன் பொருள்கள் அனைத்தையும் உடன்கொண்டு செல்வதில்லை. எத்துறை வழியாகச் செல்கிறதோ அத்துறைப் பொருளே நிலைபெறுகிறது. மேலும், பிரெஞ்சுக்காரரின் செவிக்கு இச்சொல்லில் 'தரை' இன்றும் கேட்கிறது, பிறர்க்குக் கேட்பதில்லை. ஆகவே சொல் தரையை விட்டு எழவும் இயலும். நியூயார்க்கில் 1966இல் திறக்கப்பட்ட மெட்ரோபாலிட்டன் இசைநாடக அரங்கில், கீழ்த்தளத்திற்கு மேலுள்ள தனியறை இருக்கைகளின் அடுக்கே 'பார்த்தேர்' எனப்படுகிறது.

ஜெர்மன் புதினமொன்றில் ஒரு மூதாட்டி 'பார்த்தேரில்' குடியிருப்பதாக வருகிறது எனக் கொள்வோம். ஆங்கில அகராதியை மட்டும் நம்பும் மொழிபெயர்ப்பாளர் அவரைப் பூம்பாத்தியில் குடியமர்த்திவிடுவார். எனவே, பொருளைத் தேடவேண்டிய இடம் சொல் பிறந்த மொழியன்று. அது வழங்கும் மொழியே.