முதல்ல பத்திரத்தைப் பாருங்க

என் காட்டோட கிழக்கு ஓரம் வாய்க்கால் போகுது. கரையை ஒட்டிக் கிளுவை வேலி போட்டு, இடையில அகத்தியும் நட்டேன். ஆறு மாசத்தில முன்சீப் கோர்ட்டுல இருந்து சம்மன் வந்துவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் போட்ட வழக்கு. "எங்க தாத்தா இந்த நிலத்தை விற்கும்போதே, வாய்க்கால் ஓரம் எட்டடிக்கு மரம், வேலி வைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கார்" என்பது அவர் வாதம். ஆனால் பிராதோடு அந்தப் பத்திரம் இல்லை.

விற்ற நிலத்துக்கு இப்படித் தடை போட முடியுமா? பொதுவாக முடியாது என்கிறது 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 11. விலக்கு ஒன்று உண்டு. விற்றவர் பக்கத்தில் தனக்கும் நிலம் வைத்துக்கொண்டு, அதன் நன்மைக்காகப் போட்ட நிபந்தனை செல்லும். பிரிவு 40இன்படி, அது தெரிந்து பின்னால் வாங்கியவரையும் கட்டுப்படுத்தும். ஆக, பத்திரத்தில் என்ன எழுதியிருக்கு என்பதுதான் வழக்கே.

எங்க வக்கீல் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 11, விதி 15இல் நோட்டீஸ் கொடுத்தார். எதிராளி தன் பிராதில் சொன்ன ஆவணத்தைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் நமக்கு உரிமை உண்டு. தக்க காரணம் இல்லாமல் காட்ட மறுத்தால், பிறகு அதையே தன் சாட்சியமாகக் கொடுக்க கோர்ட் விடாது. அவர் "வீட்டில தேடுறோம்" என்று வாய்தா மேல் வாய்தா வாங்கினார். மனுப் போட்டோம், காட்டச் சொல்லி உத்தரவு ஆனது. அந்த உத்தரவையும் மீறினால், போட்டவர் வழக்கே தள்ளுபடி ஆகலாம். வழக்கைச் சந்திப்பவர் மீறினால் அவரது எதிர்வாதம் நீக்கப்படலாம். அது விதி 21.

பத்திரம் வந்தது. எட்டடி இல்லை, நாலடிதான். ஆனால் என் வேலி இருந்தது ரெண்டடியில! தப்பு என் பேரிலும் இருக்கு. பேசி முடித்து, வேலியை ரெண்டடி உள்ளே தள்ளி நட்டேன். அகத்தியில ஒரு வரிசை போச்சு.

அந்தப் பத்திரத்தின் நகல் சார்பதிவாளர் அலுவலகத்திலேயே கிடைத்திருக்கும். நிலப் பத்திரங்கள் பதிவாகும் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், சான்றிட்ட நகலும் வாங்கலாம். நான்தான் கேட்கவில்லை.

நிலம் வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாதீங்க. அதில் பத்திர எண்தான் வரும், உள்ளே இருக்கிற நிபந்தனை வராது. மூலப் பத்திரங்களை வரி வரியாகப் படிச்சிட்டு, அப்புறம் வேலிக்குக் குழி எடுங்க.