22ஆம் குரோமோசோம் நீக்கக் குறைபாடு: மருத்துவப் படிமங்கள் காட்டும் தடயங்கள்

முன்னுரை

22ஆம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் ஒரு சிறு துண்டு இல்லாமற்போவதால் தோன்றும் பிறவிக் குறைபாடு 22கியூ11.2 நீக்கம் எனப்படும். தைமஸ் சுரப்பியும் பாராதைராய்டு சுரப்பிகளும் ஒருங்கே அமையாத குழந்தைகளைப் பற்றி 1965இல் எடுத்துரைத்த ஆஞ்சலோ டி ஜார்ஜின் பெயராலும் இது வழங்குகிறது. பெரும்பாலானோரிடம் ஏறத்தாழ 30 இலட்சம் இணைக்காரங்கள் இழக்கப்பட்டிருக்கும். வழக்கமான குரோமோசோம் ஆய்வில் இவ்விழப்பு பெரும்பாலும் புலப்படுவதில்லை. எனினும் அதன் விளைவுகளை மருத்துவப் படிமங்களில் காண இயலும்.

விளைவுகளின் பொது மூலம்

நீங்கிய பகுதியில் உள்ள டி.பி.எக்ஸ்.1 மரபணு, கருவின் தொண்டை வளைவுகளும் பைகளும் உருவாவதற்கு இன்றியமையாதது. தைமஸ், பாராதைராய்டு, பெருந்தமனி வளைவு, அண்ணம் ஆகியவற்றின் வளர்ச்சி இப்பகுதியைச் சார்ந்தது. ஆகவே, தொடர்பற்றவைபோல் தோன்றும் குறைகள் ஒரே குழந்தையிடம் சேர்ந்து அமைகின்றன.

படிமத் தடயங்கள்

பிறந்த குழந்தையின் மார்பு எக்ஸ்-கதிர்ப் படத்தில் இதயத்தின் மேற்புறம் தைமஸின் அகன்ற நிழல் தெரிவது இயல்பு. இதயக் குறையுள்ள குழந்தையிடம் அந்நிழல் இல்லையெனில் ஐயம் வலுக்கிறது. ஆயினும் கடும் நோயின் அழுத்தத்தாலும் தைமஸ் சுருங்கும். எனவே நிழலின்மை மட்டுமே சான்றாகாது. கருவுற்ற காலத்தில் எடுக்கப்படும் மீயொலிப் படத்திலும் தைமஸின் அளவைக் கணிக்கலாம்.

எதிரொலி இதய வரைவும் சி.டி. படிமமும் பெருந்தமனி வளைவின் அமைப்பைக் காட்டுகின்றன. இடது கழுத்துத் தமனிக்கும் இடது காறையடித் தமனிக்கும் இடையே வளைவு அறுபட்டிருப்பது ‘பி’ வகை எனப்படும். இக்குறையுடையோருள் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் இந்நீக்கம் காணப்படுகிறது.

அண்ணக் குறையால் மூக்கொலியோடு பேசும் குழந்தைக்கு அறுவை சிகிச்சை திட்டமிடப்படும்போது மற்றொரு தடயம் முதன்மை பெறுகிறது. உட்கழுத்துத் தமனி நடுக்கோட்டை நோக்கி விலகித் தொண்டையின் பின்சுவரை ஒட்டிச் செல்லக்கூடும். முன்னரே அறியாவிடில் கத்தி அத்தமனியைத் தாக்கும் இடர் உண்டு.

முடிவுரை

படிமம் ஐயத்தை எழுப்புகிறது. உறுதிப்படுத்துவது ஃபிஷ் அல்லது மைக்ரோஅர்ரே சோதனையே. ஐயம் உரிய காலத்தில் எழுந்தால், கால்சியம் குறைந்து வலிப்பு வருமுன் இரத்தத்தைச் சோதிக்கலாம். அறுவையின்போது கதிரியக்கத்திற்கு உட்படுத்திய இரத்தத்தை ஏற்றலாம். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நீக்கம் பெற்றோரிடமிருந்தே வருகிறது; அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு குழந்தைக்கும் அது கடத்தப்பட 50 விழுக்காடு வாய்ப்புண்டு. எனவே படிமங்களில் சிதறிக் கிடக்கும் தடயங்களை இணைத்துக் காண்பது, குழந்தையின் உயிரோடும் குடும்பத்தின் முடிவுகளோடும் தொடர்புடைய பணியாகிறது.