நாள்தோறும் பத்து நிமிடம்



ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தில் புதிய ஓவிய நோட்டை விரித்து வைத்தவுடன், வகுப்புக்கு ஐந்தாறு பேராவது எழுந்து நின்று ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "எனக்கு டிராயிங் வராது, டீச்சர்."

கணக்கு வராது என்பவள் மீண்டும் மீண்டும் போட்டுப் பார்க்கிறாள். இங்கிலீஷ் வராது என்பவள் உரக்கப் படிக்கிறாள். ஓவியம் வராது என்பவள் மட்டும் நோட்டை மூடி வைத்துவிடுகிறாள். மற்றவை உழைப்பால் வருபவை, ஓவியம் ஒன்றுதான் பிறவியிலேயே வருவது என்ற எண்ணம் நம் மனத்தில் எப்படியோ ஊன்றிவிட்டது. அந்த எண்ணம் தவறு என்று காட்டுவதும், தவறு என்றால் செய்ய வேண்டியது என்ன என்று சொல்வதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலில் இருக்கும் சாட்சி

நானும் ஒரு காலத்தில் நோட்டை மூடியவள்தான். ஆறாம் வகுப்பில் நான் வரைந்த பசுவைப் பார்த்து, "இது பசுவா, பெட்டியா?" என்று ஒருவர் கேட்டார். வகுப்பே சிரித்தது. அதன்பின் பல ஆண்டுகள், எழுதுவதற்கன்றிப் படம் வரைவதற்கு நான் பென்சிலைத் தொடவே இல்லை.

பின்னர் ஒரு மழைக்காலத்தில் அம்மா நோயுற்றுப் படுத்துவிட, வாசல் தெளித்துக் கோலம் போடும் வேலை எனக்கு வந்தது. முதல் நாள் ஏழு புள்ளிக் கோலம் ஒரு பக்கம் சாய்ந்து போயிற்று. எதிர் வீட்டு அத்தை பார்த்துவிட்டு, "போடப் போட வரும், கண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார். உண்மையிலேயே வந்தது! இரண்டு மாதத்தில் பதினைந்து புள்ளிக் கோலம், இடையில் எங்கும் நிற்காமல், ஒரே இழையாக ஓடியது. விரலிடுக்கில் மாவு சீராக இறங்கியது. இந்தப் புள்ளிக்கும் அந்தப் புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கண் தானாகவே அளந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பசுவைப் பெட்டியாக வரைந்த கையும் இதே கைதானே! நம் தெருவில் எந்தப் பெண்ணும் "எனக்குக் கோலம் வராது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதில்லை. அது வரம் என்று யாரும் நினைப்பதில்லை. பழக்கம் என்றே எண்ணுகிறோம். ஔவையாரும் சித்திரத்தைக் கைப்பழக்கத்தின் கணக்கில்தானே சேர்த்தார்! நாள்தோறும், சிறிது நேரம், ரப்பர் இல்லாமல், நாலு பேர் பார்க்கும் இடத்தில் செய்யும் சித்திரப் பயிற்சிதான் கோலம். அந்த முறையை அப்படியே தாளுக்கு மாற்றினால் போதும்.

நாமக்கல் தந்த இருவர்

இதற்கு உதாரணம் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. 1997இல் தனி மாவட்டமாகும் வரை நம் சேலத்தோடு சேர்ந்திருந்த நாமக்கல், இரண்டு பெரிய ஓவியர்களைத் தந்திருக்கிறது.

ஒருவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை (1888–1972). 1930ஆம் ஆண்டு உப்புச் சத்தியாக்கிரகப் பாடலால் நாடறிந்த கவிஞர் ஆனவர். 1949இல் சென்னை மாகாணத்தின் முதல் அரசவைக் கவிஞர் என்ற பெருமையைப் பெற்றவர். ஆனால் கவிஞராகப் பெயர் பெறுவதற்கு முன், உருவப்படம் வரைவதே அவருடைய தொழிலாக இருந்தது.

மற்றவர் 'சில்பி' என்று பெயர் பெற்ற பி. எம். சீனிவாசன். 1919இல் நாமக்கல்லில் பிறந்தவர். இவருடைய கைத்திறனைக் கண்டு, சென்னை ஓவியப் பள்ளியில் சேரும்படி வழிகாட்டியவர் அந்தக் கவிஞரே. அப்பள்ளி 1850இல் டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டரால் தொடங்கப்பட்டது. சில்பி பயின்றபோது அதன் தலைவராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. சென்னைக் கடற்கரையில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பின்னர் சில்பி ஆனந்த விகடனில் சேர்ந்தார். 'சில்பி' என்ற பெயரைச் சூட்டியவர் அங்கிருந்த மூத்த ஓவியர் மாலி. ஊர் ஊராகச் சென்று, கோயில் சிற்பங்களின் முன் அமர்ந்து, பார்த்துப் பார்த்து அவர் தீட்டிய படங்கள் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்ற தொடராக வெளிவந்தன. கல்லில் உள்ள ஒரு மணியை, ஒரு மடிப்பைக்கூட விடாமல் கோட்டில் கொண்டு வந்தார். 1983இல் அவர் மறைந்தார். அந்தப் படங்கள் இன்றும் நூலாகக் கிடைக்கின்றன. அவற்றைப் பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் கைக்கு முன்னால் அவர் கண் உழைத்திருக்கிறது.

பெண்களுக்கும் உதாரணம் உண்டு. இத்தாலியில் பிளாரன்ஸ் நகரக் கன்னிமடம் ஒன்றில் வாழ்ந்தவர் சகோதரி பிளாட்டில்லா நெல்லி (1524–1588). அக்காலத்தில் பெண்கள் ஓவியப் பட்டறையில் சேர்ந்து பயில வழியில்லை. தமக்குக் கிடைத்த மூத்த ஓவியர் ஒருவரின் கோட்டுப் படங்களைப் பார்த்து வரைந்து வரைந்தே அவர் கற்றார். ஏறத்தாழ ஏழு மீட்டர் நீளமுள்ள இராவுணவுச் சித்திரத்தைத் தீட்டி, அதில் தம் பெயரை எழுதி, இதை வரைந்தவளுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்றும் குறித்து வைத்தார். அந்த ஓவியம் பழுது நீக்கப்பட்டு 2019 முதல் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

ஏன் சிறிது சிறிதாக?

"ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைந்தால் ஆகாதா?" என்று கேட்கலாம். ஆகும், ஆனால் அவ்வளவு பயன் தராது.

ஜெர்மனியைச் சேர்ந்த எபிங்ஹாஸ் என்ற அறிஞர், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரே நாளில் 68 முறை ஓதிப் பெற்ற பயனை, மூன்று நாட்களுக்குப் பங்கிட்டு 38 முறை ஓதியே பெற முடிந்தது என்று அவர் கண்டார். கைவேலைக்கும் இது பொருந்துமா? 1978இல் இங்கிலாந்தின் அஞ்சல் துறை ஊழியர்கள் தட்டச்சு கற்றதை இருவர் ஆராய்ந்தனர். நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியவர்கள், நாளுக்கு நான்கு மணி நேரம் பழகியவர்களைவிட மொத்தத்தில் குறைந்த மணிகளிலேயே அதே தேர்ச்சியை அடைந்தார்கள். ஆனால் ஒரு வேடிக்கை! நாளுக்கு ஒரு மணி பழகியவர்களுக்குத்தான் தங்கள் முறை அவ்வளவாகப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் முன்னால் போவதுபோல் அவர்களுக்குத் தோன்றியது. மெதுவாக ஏறும் தேர்ச்சி ஏறுபவருக்கே தெரிவதில்லை. ஆகவே முதல் மாதத்தில் மனம் தளர வேண்டாம்.

இனிக் கணக்கைப் பாருங்கள். வாரம் ஒரு ஓவியப் பாடவேளை, 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டில் 40 வாரத்துக்கு 1,600 நிமிடம். அதாவது 27 மணி நேரம்கூட இல்லை. நாளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஆண்டுக்கு 3,650 நிமிடம். 60 மணி நேரத்துக்கும் மேல். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இதுதான்.

ஆறு நாள் பாடம்

தேவையானவை ஒரு எச்.பி. பென்சிலும் கோடு போடாத ஒரு நோட்டும். நோட்டு இல்லையேல், கிழித்த தினசரிக் காலண்டர்த் தாளின் பின்புறம் போதும். ரப்பர் வேண்டாம். தவறிய கோட்டை அழிக்காமல், பக்கத்தில் சரியான கோட்டைப் போடுங்கள். தவறு கண்ணெதிரே இருந்தால்தான் எவ்வளவு தவறினோம் என்பது விளங்கும்.

திங்கள்: கோடுகள். இரண்டு புள்ளி வைத்து, ஸ்கேல் இல்லாமல் இணையுங்கள். பென்சில் முனையைப் பார்க்காமல், சேர வேண்டிய புள்ளியைப் பாருங்கள். கோடு நேராகப் போகும். பிறகு வட்டங்கள், நீள்வட்டங்கள்.

செவ்வாய்: பாத்திரம். ஒரு டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். அதன் வாய் ஒரே கோடாகத் தெரியும். மெல்லக் கீழே இறக்குங்கள். கோடு நீள்வட்டமாகத் திறந்துகொண்டே வரும். மேசைமேல் உள்ள சொம்பின் வாயை நீள்வட்டமாகப் போட்டுவிட்டு, அடியை மட்டும் தட்டையாகக் கோடிழுப்பது பலர் செய்யும் பிழை. அடிப்பகுதி கண்ணுக்கு இன்னும் கீழே இருப்பதால், அதன் வளைவு வாயின் வளைவைவிடச் சற்று அதிகமாகவே இருக்க வேண்டும்.

புதன்: அளவு. கையை முழுதும் நீட்டி, பென்சிலை நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். சொம்பின் அகலத்தைப் பென்சிலில் கட்டைவிரலால் குறித்து, உயரத்தில் அது எத்தனை மடங்கு என்று எண்ணுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும்.

வியாழன்: பார்த்துக்கொண்டே வரைதல். உங்கள் இடது கையை மேசைமேல் வைத்து, தாளைப் பார்க்காமல் கையின் ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மெதுவாக வரையுங்கள். படம் கோணலாகத்தான் வரும், சிரித்துவிட்டுத் தொடருங்கள். பயிற்சி கண்ணுக்குத்தான், படத்துக்கு அல்ல. கண் என்றதும் மீன் வடிவத்தையும், மரம் என்றதும் ஒரு தண்டும் மேலே ஒரு மேகமும் போடுகிறோமே, அது பார்த்து வரைவது அல்ல. மனத்தில் பதிந்துபோன அடையாளத்தை எழுதுவது. அந்த வழக்கத்தை இப்பயிற்சி உடைக்கும். ஒரு படத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைவதும் இதே பயனைத் தரும். பெட்டி எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை 1979இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார்.

வெள்ளி: அசையும் உருவம். முறத்தில் அரிசி புடைக்கும் பாட்டி, லீ பஜாரில் மூட்டை சுமக்கும் தொழிலாளி, வெல்ல மண்டி வாசலில் நிற்கும் வண்டி மாடு. ஒவ்வொன்றுக்கும் ஒரே நிமிடம். முகம், விரல் வேண்டாம். முதுகின் வளைவையும் காலின் சாய்வையும் மட்டும் பிடியுங்கள்.

சனி: ஒளியும் நிழலும். ஜன்னல் ஓரத்தில் ஒரு மாம்பழத்தை வையுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, மிக இருண்ட இடம் எது, தரையில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்த பிறகே பென்சிலை எடுங்கள்.

ஞாயிறு: அந்த வாரத்துத் தாள்களைப் புரட்டிப் பாருங்கள்; அது போதும்.

இப்பயிற்சியில் நிலைத்தவர்கள், அரசு தேர்வுத் துறை நடத்தும் ஓவியத் தொழில்நுட்பத் தேர்வுகளை லோயர் கிரேடு, ஹையர் கிரேடு என்று அடுத்தடுத்து எழுதலாம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

"வரைந்துகொண்டே இருந்தால் படிப்பு என்னாவது?" என்று நீங்கள் கவலைப்படுவது நியாயமே. ஆனால் நாங்கள் கேட்பது பத்து நிமிடம்தான். உயிரியலில் பூவின் குறுக்குவெட்டையும், பூகோளத்தில் நதியின் போக்கையும், வடிவ கணிதத்தில் வட்டத்தையும் வரைவது இதே கைதான். மேலும், செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை பார்க்காத குடும்பம் குறைவு. கொலுசின் ஒவ்வொரு அரும்பும் முதலில் ஒருவர் கண்ணில் தோன்றிக் கோடாக வந்ததுதானே!

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. பிள்ளை வரைந்து கொண்டு வந்து காட்டும்போது, "நன்றாக இல்லை" என்றோ, "ஆகா!" என்றோ சொல்லி முடித்துவிடாதீர்கள். "எதைப் பார்த்து வரைந்தாய்?" என்று கேளுங்கள். பசுவைப் பெட்டியாக வரைந்த பெண்ணிடம் அன்று யாராவது இதைக் கேட்டிருந்தால், அவள் பசுவை ஒருமுறை போய்ப் பார்த்திருப்பாள்.

மாணவியரே, இன்று மாலையே தொடங்குங்கள். முதல் தாளில் தேதி எழுதி, எதிரில் கிடக்கும் ஏதாவது ஒரு பொருளை வரையுங்கள். எவ்வளவு மோசமாக வந்தாலும் அத்தாளைக் கிழிக்காதீர்கள். முப்பது நாள் கழித்து அதே பொருளை மீண்டும் வரைந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நாள் விட்டுப்போனால் பரவாயில்லை. இரண்டாம் நாளும் விட்டுவிடாதீர்கள். வரும் ஜூனில் புதிய நோட்டை விரிக்கும்போது, "வராது, டீச்சர்" என்பதற்குப் பதிலாக, "இன்னும் வரவில்லை, டீச்சர், வந்துகொண்டிருக்கிறது" என்று உங்களில் ஒருத்தி சொன்னாலும் போதும். எனக்கு அதுவே பெரிய பரிசு.

– ஓவிய ஆசிரியை