நம்பர் பேடில் 1000 + 18% தட்டினால் எவ்வளவு வரும்?

மேல்மலையனூரில் பெயிண்ட் கடை கணக்கு பார்க்கிற உறவுக்காரப் பையன் ஒருத்தன் சின்ன லேப்டாப் வாங்கியிருக்கான். வலது பக்க நம்பர் கீகள் அதில் இல்லை. அமாவாசைக்கு ஊரே கூட்டமா இருக்கும், பெயிண்ட் கடையில்தான் ஆள் வராது; அன்னிக்குத்தான் பழைய பில் எல்லாம் டாலியில் ஏறும். "தனி நம்பர் பேட் போதுமா, கால்குலேட்டரோட சேர்ந்ததை வாங்கட்டுமா?"ன்னு கேட்டான்.

இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் வேலை வேறு. யுஎஸ்பி நம்பர் பேடுக்குக் கணக்கு தெரியாது. எந்தக் கீ அழுத்தப்பட்டது என்பதை மட்டும் ஒரு எண்ணாக அனுப்பும். மேல் வரிசை 1-க்கு 30, நம்பர் பேடின் 1-க்கு 89. மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர் பொறுப்பு. திரை வைத்த கால்குலேட்டர் பேட் தானே கணக்குப் போட்டு, விடையை மட்டும் டைப் அடித்த மாதிரி அனுப்பும்.

ஆகவே, கணக்கை யார் போடுகிறார்கள் என்பதுதான் விஷயம். 1000 + 18% என்று தட்டிப் பாருங்கள். விண்டோஸ் கால்குலேட்டரின் ஸ்டாண்டர்டு மோடில் 1180. எக்செல்லில் =1000+18% என்று கொடுத்தால் 1000.18, ஏன்னா அங்கே 18% என்பது வெறும் 0.18. பல கேசியோ மேசைக் கால்குலேட்டர்களில் 5655.55! அது கோளாறு இல்லை. 18-உடன் 1000-ஐச் சேர்த்தால் வருவது 18-ல் எத்தனை சதவீதம் என்ற கேள்விக்கு அது பதில் சொல்கிறது. நாம் கேட்டது ஜிஎஸ்டி.

2 + 3 × 4 கூட இப்படித்தான். ஸ்டாண்டர்டு மோடில் 20, சயின்டிஃபிக் மோடில் 14.

நான் சொன்ன வழி: % கீயைத் தொடவே வேண்டாம். வரி சேர்க்க × 1.18, வரி பிரிக்க ÷ 1.18. எந்த மிஷினிலும் ஒரே விடை. 1180-லிருந்து 18% கழித்து அடக்க விலை பார்ப்பவர்கள் நிறைய பேர், அது 967.60-ல் போய் நிற்கும், சரியான விடை 1000. டாலியில் தொகைக் கட்டத்தில் நின்று ஆல்ட்+சி அடித்தால் அங்கேயே கணக்குப் போடலாம் என்பதால், அவனுக்குச் சாதா பேடே போதும்.

விரல் குழப்பம் ஒன்று உண்டு. கூட்டல் மிஷின்களில் 1914-லேயே சண்ட்ஸ்ட்ராண்ட் 7-8-9-ஐ மேலே வைத்துவிட்டார். போனுக்கு பெல் லேப்ஸ் ஆய்வு செய்து, 1960-ல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் 1-2-3 மேலே போனது. யுபிஐ பின் அடிக்கும் போன் திரையும் அப்படித்தான். அதனால் போனில் பழகிய விரல் 147-ஐ 741 ஆக்கும். 4, 5, 6, 0 தப்பிக்கும். 5-ல் இருக்கும் சின்ன மேட்டில் நடுவிரலை வைத்து, பார்க்காமல் அடித்துப் பழகணும்.

எண் விழாமல் கர்சர் மட்டும் ஓடினால் நம்லாக் அணைந்திருக்கு. 1981 ஐபிஎம் பிசியில் அம்புக்குறிக்குத் தனிக் கீ கிடையாது. நம்பர் கீயே இரண்டு வேலையும் பார்த்தது. 1986-ல் தனி அம்புக்குறிகள் வந்தும் நம்லாக் மட்டும் ஏனோ போகவில்லை. சில லேப்டாப்களில் அதைப் போட்டால் ஜே, கே, எல் எழுத்துகள் 1, 2, 3 ஆகிவிடும்; வாங்கும் முன் கடையிலேயே மாட்டிப் பார்த்துடுங்க.